கடல் தொட்டிக்கு எந்த மீடியா? சம்ப்பில் கைவைக்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

கடல் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கீழே குனிந்து சம்ப்பைத்தான், அதாவது தண்ணீர் சுத்தமாகும் அடித் தொட்டியைத்தான் பார்ப்பேன். மேலே தொட்டி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கீழே கதை வேறாக இருக்கும். ஒரு மூலையில் செராமிக் ரிங், அதன் மேல் ஒரு பை கார்பன், பக்கத்தில் வெள்ளை உருண்டையாக ஏதோ ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் கடைக்காரர் "இதையும் போட்டு வைங்க சார், நல்லது" என்று கொடுத்த சிப்ஸ். எது எதற்கு என்று கேட்டால் பாதிக்குப் பதில் வரும். எப்போது போட்டீர்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும்.

தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் இந்தப் பொருள்களுக்குத்தான் மீடியா என்று பெயர். நான் ஒவ்வொரு மீடியாவிடமும் கேட்பது இரண்டே கேள்வி. தண்ணீரிலிருந்து எதை எடுக்கிறாய்? உன்னை நான் எப்போது வெளியே எடுக்க வேண்டும்? இரண்டாவதற்குப் பதில் தெரியாத பொருள் இப்போது என் சம்ப்புக்குள் போவதில்லை. இந்த விதிக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் காசும் சில மீன்களும் போய்விட்டன, அதையும் நடுநடுவே சொல்கிறேன்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது கிட்டத்தட்ட 190 லிட்டர். சம்ப்பில் ஒரு 50 லிட்டர். கல்லும் மணலும் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் ஓடுகிற தண்ணீர் சுமார் 200 லிட்டர். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 200 லிட்டருக்கு, உங்கள் தொட்டிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது இரண்டு க்ளவுன் மீன், ஒரு சின்ன கோபி, கொஞ்சம் மஷ்ரூம், ஜோவாந்திட், ஒரு லெதர் என்று சில பவள வகைகள். பெரிய தொட்டி எல்லாம் இல்லை. பெரம்பூரில் இரண்டாவது மாடி, மே மாதம் வீடே அடுப்பு.

முதல் படி: உள்ளே வருகிற தண்ணீர்

மீடியா என்றவுடன் எல்லோரும் சம்ப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் சமையலறைக் குழாயிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் ஒரே வீட்டில் நாலு விதத் தண்ணீர் இருக்கும்: மெட்ரோ, போர், லாரி, கேன். போர் தண்ணீரின் லட்சணம் பக்கெட்டில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதனால் அதை யாரும் ஊற்றுவதில்லை. ஏமாற்றுவது கேன் தண்ணீர். குடிக்க நன்றாக இருப்பதால் தொட்டிக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த கேனில், கரைந்திருக்கும் பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 60 காட்டியது. கோடையில் ஃபேன் போட்டுத் தொட்டியைக் குளிர வைத்தால் ஒரு நாளைக்கு 5 லிட்டர் வரை ஆவியாகும், அதை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கும். 5 லிட்டர், லிட்டருக்கு 60 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு 9 கிராம். அதில் பெரும்பகுதி தீங்கில்லாத உப்பாகவே இருக்கலாம். ஆனால் நடுவில் கொஞ்சம் சிலிகேட், கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட், பழைய பைப்பாக இருந்தால் செம்பு என்று சேர்ந்துகொண்டால் கீழே நீங்கள் என்ன மீடியா போட்டாலும் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய முதல் மீடியா டி.ஐ. ரெசின். ஆர்.ஓ. மெம்பரேன் முடித்துவிட்டு வரும் தண்ணீரில் மிச்சமிருக்கும் அயனிகளை அது பிடித்துக்கொள்ளும். மீட்டர் 0 காட்ட வேண்டும். நிறம் மாறும் ரெசின் வாங்கினால் எவ்வளவு தூரம் தீர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும், இருந்தாலும் நான் நம்புவது மீட்டரைத்தான். 1 அல்லது 2 காட்டத் தொடங்கினால் மாற்றிவிடுவேன். வீட்டுச் சமையலறை ஆர்.ஓ.வை அப்படியே பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல மாடல்களில் ருசிக்காகக் கொஞ்சம் ஆர்.ஓ. செய்யாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கும். அதை முழுதாக மூடாவிட்டால் உங்கள் ரெசின் இரண்டே வாரத்தில் கை விரித்துவிடும்.

"பக்கத்திலேயே கடல் இருக்கு, பெசன்ட் நகர்ல ரெண்டு கேன் பிடிச்சுட்டு வந்தா போதாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அடையாறும் கூவமும் எங்கே போய்க் கலக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். போதாதற்கு வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பே குறைந்துவிடும். நான் பாக்கெட் உப்பைத்தான் கலக்குகிறேன், 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு.

இரண்டாம் படி: சோதனை, பிறகு கடை

மீடியா வாங்கப் போகும் முன் கையில் ஐந்து எண் இருக்க வேண்டும். அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்பதில் பேச்சே கிடையாது. நைட்ரேட் 2 முதல் 15 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் ஏறக்குறைய லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம்முக்குள், காரத்தன்மை அதற்கான டிகேஹெச் அளவில் 8 முதல் 9. இது என் தொட்டிக்கு நான் வைத்திருக்கும் எல்லை, கொஞ்சம் முன்பின் இருந்தாலும் குடி முழுகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக 0 ஆகக் கூடாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாஸ்பேட்டுக்குச் சொட்டு மருந்து கிட் போதாது. 0.05-க்கும் 0.15-க்கும் உள்ள நீல வித்தியாசத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை, உங்களால் முடிந்தால் உங்கள் கண்ணுக்கு ஒரு கும்பிடு. ஒரு டிஜிட்டல் கலரிமீட்டர் வாங்கிவிட்டால் அந்தச் செலவு தேவையில்லாத மீடியா வாங்காமல் இருப்பதிலேயே திரும்பி வந்துவிடும்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பாஸ்பேட் 0.3 இருக்கிறது. 200 லிட்டரில் அது மொத்தம் 60 மில்லிகிராம். பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் 0.27 ஆகும், அவ்வளவுதான். நீங்கள் தினமும் தீனி போடுவீர்கள், அந்த 0.03 ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடும். தண்ணீர் மாற்றி மாற்றியே பாஸ்பேட்டை இறக்கிவிடலாம் என்று நான் மூன்று மாதம் பக்கெட் தூக்கி இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் படி: பாக்டீரியாவுக்கு வீடு

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாவுக்கு உட்கார இடம் வேண்டும். உயிரியல் மீடியா என்பது இவ்வளவுதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. கல், மணல், பைப்பின் உள்பக்கம், கண்ணாடி என்று எல்லாம் இடம்தான். மீடியா வேலை செய்ய ஆக்சிஜனும் வேண்டும்: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் அதிகமாக ஆக்சிஜன் செலவாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டிருக்கும்போது மீனும் பாக்டீரியாவும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

டப்பாவில் "ஒரு லிட்டரில் இத்தனை ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு பாக்டீரியாவின் அளவே சுமார் ஒரு மைக்ரான். அதைவிடச் சின்ன ஓட்டைக்குள் அது எப்படிக் குடி போகும்? கொஞ்சம் பெரிய ஓட்டையையும் சில வாரத்தில் பாக்டீரியாப் படலமே மூடிவிடும். அதைவிட முக்கியமானது, பாக்டீரியா எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வீட்டின் அளவைவிடச் சாப்பாட்டின் அளவு. மூன்று சின்ன மீன் போடும் அம்மோனியாவுக்கு எவ்வளவு பாக்டீரியா தேவையோ அவ்வளவுதான் வளரும், நீங்கள் மாளிகையே கட்டிக் கொடுத்தாலும் சரி.

அப்படியானால் எதை வாங்குவது? என் தேர்வு: தொட்டிக்குள் சுமார் 15 கிலோ நுண்துளை உள்ள செயற்கைக் கல், சம்ப்பில் ஒரே ஒரு செராமிக் பிளாக். நர்சரியில் கள்ளிச் செடிக்குக் கலக்க விற்கும் பியூமிஸ் கல்லும் நன்றாகவே வேலை செய்யும், மிதப்பதைக் கழித்துவிட்டுப் பல தடவை அலசி ஒரு வாரம் ஊறப்போட்டால் போதும். செராமிக் ரிங் மோசமில்லை, ஆனால் குவியலாகக் கிடக்கும் ரிங்குகளின் இடுக்கில் கழிவு சேரும். பிளாக் என்றால் எடுத்து ஒரு உதறு உதறி வைத்துவிடலாம்.

இங்கே சட்டத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. "லைவ் ராக்" என்று, உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல்லைச் சிலர் ரகசியமாக விற்பதும், கடலிலிருந்து வந்த பவளத் துண்டுகளை மீடியாவாகக் கொடுப்பதும் இன்னும் நடக்கிறது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கடினப் பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன, கூடவே கரும்பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம். உயிரோடு இருந்தாலும் செத்த எலும்பாக இருந்தாலும் அதே கதைதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் வரவேற்பறைக்காக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்கூட வர வேண்டாம்.

கல்லும் பிளாக்கும் வைத்தாயிற்று, அடுத்தது காத்திருப்பு. மீன் இல்லாமல் அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்குக் கொண்டுவந்துவிட்டு விடுங்கள். போட்ட 2 பிபிஎம்மும் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் 0 என்று வந்தால் தொட்டி தயார். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். இந்த வகை மீடியாவை எப்போது வெளியே எடுப்பது? எடுக்கவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே முக்கி உதறுங்கள். குளோரின் கலந்த குழாயடியில் காட்டினால் மறுபடி முதலிலிருந்துதான்.

நான்காம் படி: பஞ்சும் சாக்ஸும்

இதில் சொல்ல அதிகமில்லை. பஞ்சு அழுக்கைப் பிடிக்கும், ஆனால் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துவிடாது. அதில் மாட்டிய தீனியும் கழிவும் அங்கேயே அழுகி அதே தண்ணீரில்தான் கலக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற முடியும் என்றால் பஞ்சு வையுங்கள். முடியாது என்றால் வைக்கவே வேண்டாம், கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மரை நம்பி இருந்துவிடலாம். வாரக்கணக்கில் ஊறிய பஞ்சைவிடப் பஞ்சே இல்லாத தொட்டி சுத்தமாக இருக்கும்.

அக்வேரியம் பஞ்சு என்று தனியாக விலை கொடுக்கவும் அவசியமில்லை. தலையணைக்கு அடைக்கும் வெள்ளை பாலியஸ்டர் பஞ்சு, வாசனையோ பூச்சோ இல்லாததாகப் பார்த்துக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். சாக்ஸ், அதாவது தண்ணீரை வடிகட்டும் துணிப்பை என்றால் 200 மைக்ரான் போதும், 100 மைக்ரான் சீக்கிரம் அடைத்துக்கொண்டு பக்கவாட்டில் வழியும். நாலு சாக்ஸ் வாங்கிச் சுழற்சியில் வையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வேகமான தண்ணீரில் பீய்ச்சி, மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் காயப்போட்டால் போதும். சோப்புத்தூள் கூடவே கூடாது. வீட்டில் வாஷிங் மெஷினில் போட அனுமதி கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஐந்தாம் படி: கார்பன், நம் ஊர்க் கொட்டாங்கச்சி

பழைய தொட்டித் தண்ணீர் ஒரு மாதிரி மஞ்சளாக இருக்கும், தினமும் பார்ப்பதால் நமக்குத் தெரியாது. ஒரு வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரையும் இன்னொரு வெள்ளை வாளியில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தேநீர் வித்தியாசம் தெரிந்தால் கார்பன் தேவை. இன்னொரு காரணமும் உண்டு. லெதர் போன்ற மென்பவளங்கள் பக்கத்து வீட்டுக்காரரை விரட்டத் தண்ணீரில் டெர்பீன் வகை ரசாயனங்களை விடும். பல வகைகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் கார்பன் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம்.

தமிழ்நாட்டில் கொட்டாங்கச்சிக் கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலைகள் காங்கேயம் பக்கம் நிறைய. நல்ல சரக்கு வெளிநாட்டுக்குக்கூடப் போகிறது. அப்புறம் எதற்கு வெளிநாட்டு டப்பாவுக்கு நாலு மடங்கு கொடுப்பது என்று எனக்கும் தோன்றியது. விஷயம் இதுதான்: கொட்டாங்கச்சிக் கார்பனில் மிக நுண்ணிய துளைகள் அதிகம், சின்ன மூலக்கூறுகளைப் பிடிப்பதில் கெட்டி, அதனால்தான் குடிநீர் ஃபில்டரில் அதைப் போடுகிறார்கள். தொட்டியை மஞ்சளாக்கும் பொருள்கள் கொஞ்சம் பெரிய மூலக்கூறுகள், அதற்குத் துளை அகலமான நிலக்கரி வகை கார்பன் பொருத்தம். ஆனால் நடைமுறையில் கொட்டாங்கச்சிக் கார்பனும் மஞ்சளை எடுக்கத்தான் செய்கிறது, கொஞ்சம் சீக்கிரம் மாற்ற வேண்டும், அவ்வளவே. நான் அதைத்தான் போடுகிறேன், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

வாங்கும்போது கேட்க வேண்டியது நீராவியால் தயாரித்ததா, பாஸ்பாரிக் அமிலத்தால் தயாரித்ததா என்று. இரண்டாவது வகை தண்ணீரில் பாஸ்பேட்டை விடும். கடைக்காரருக்குத் தெரியாது, மூட்டையிலும் எழுதியிருக்காது. பரவாயில்லை, ஒரு ஸ்பூன் கார்பனை அலசி ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் பாருங்கள். எண் எகிறினால் அந்த மூட்டை வேறு வேலைக்கு.

அளவு: 200 லிட்டருக்கு ஒரு டம்ளர், 200 மில்லி இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் பாதி போடுங்கள். மஞ்சள் ஒரே நாளில் போய்விட்டால் வெளிச்சம் திடீரென்று அதிகமாக உள்ளே இறங்கும், பவளங்களுக்கு அது வெயிலில் நிறுத்திய மாதிரி. போடும் முன் அரிசி களைகிற மாதிரி ஆர்.ஓ. தண்ணீரில் களைந்து கொண்டே இருங்கள், தண்ணீர் தெளியும் வரை. அந்தக் கறுப்புத் தூளை அலட்சியப்படுத்தாதீர்கள். சர்ஜன் மீன்களை லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பனோடு வளர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-ல் வந்தது, அந்த மீன்களுக்குத் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரிப்பு வந்தது, கார்பன் இல்லாத தொட்டியில் வரவில்லை. டேங் என்று விற்கும் இந்தச் சர்ஜன் வகை மீன் வைத்திருப்பவர்கள் மென்மையான கார்பனைத் தவிர்த்து, கையில் தேய்த்தால் மாவாக உதிராத கடினமான மணியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆறாம் படி: பாஸ்பேட்டை இறக்குதல், மிக மெதுவாக

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ஜிஎஃப்ஓ என்று சொல்லும் காவி நிற இரும்பு ஆக்சைடு மணிகள், குடிநீரில் இருந்து ஆர்செனிக்கை எடுப்பதற்காக வந்த சரக்கு. பாஸ்பேட்டையும் அதே வேகத்தில் பிடிக்கும். வேகம்தான் பிரச்சினை.

என் தொட்டியில் பாஸ்பேட் 0.3 இருந்தது. பாக்கெட்டில் போட்டிருந்த அளவை அப்படியே ரியாக்டரில், அதாவது மீடியா வழியாகத் தண்ணீர் ஓடும் குழாயில் கொட்டினேன். நாலே நாளில் மீட்டர் 0.01. அன்றைக்கு இரவு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன் என்றால் என் சந்தோஷத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஜோவாந்திட் எல்லாம் கையை மடக்கிக்கொண்டது, காரத்தன்மை இறங்கியது, இரண்டாவது வாரம் மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி, உள்ளே காற்றுக்குமிழியோடு ஒரு படலம். டைனோ, அதாவது டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் காலியான தொட்டியில் மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும்போது இது ராஜ்யம் நடத்தும். அதை ஒழிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது, அந்த ஐந்து மாதமும் நான் செய்தது பாஸ்பேட்டைத் திரும்ப ஏற்றுகிற வேலை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு மட்டும் எடுங்கள். அலசி ரியாக்டரில் போட்டு, தண்ணீர் வேகத்தை மேல்மட்ட மணிகள் லேசாக நெளியும் அளவுக்கு வையுங்கள். குதித்தால் ஒன்றோடொன்று உரசி மாவாகி, தொட்டி முழுக்கக் காவிக் கலரில் கலங்கும். அசையவே இல்லை என்றால் கட்டி தட்டிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பாஸ்பேட்டும் காரத்தன்மையும் பாருங்கள். வாரத்துக்கு 0.05-க்கு மேல் இறங்கினால் ரியாக்டரைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். இறங்கி நின்றுவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினால் மீடியா நிரம்பிவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள். பழைய கல் இருக்கும் தொட்டியில் முதல் சில தடவை சீக்கிரமே நிரம்பும். கல்லுக்குள் பிடித்து வைத்திருந்த பாஸ்பேட் தண்ணீரில் குறையக் குறைய வெளியே வரும், பயப்பட வேண்டாம், அது தீரும்.

வெள்ளை உருண்டையாக வரும் பாஸ்பேட் மீடியா அலுமினியம் ஆக்சைடு. மலிவு, ரியாக்டர் வேண்டாம், பையில் போட்டால் போதும். ஆனால் கொஞ்சம் அலுமினியத்தைத் தண்ணீரில் விடும், லெதர் வகைகளுக்கு அது ஆகாது. என் லெதர் மூன்று வாரம் திறக்கவே இல்லை, உருண்டைகளை எடுத்துவிட்டுக் கார்பன் போட்ட பிறகுதான் தலை காட்டியது. மென்பவளத் தொட்டியா? இதை விட்டுவிடுங்கள்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சேர்ந்து அதிகம் என்றால் மீடியா கடைக்குப் போவதற்கு முன்னால் சம்ப்பில் ஒரு கைப்பிடி கீட்டோ பாசியும் ஒரு சாதாரண வளர்ப்பு விளக்கும் வைத்துப் பாருங்கள். வளர்ந்ததில் பாதியை மாதம் ஒரு முறை பிய்த்து எறிந்தால் அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீட்டை விட்டுப் போகிறது. எப்போது வெளியே எடுப்பது என்ற என் கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் ஃபில்டர் வேறு இல்லை.

ஏழாம் படி: கடையில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

கொளத்தூர் போகாமல் சென்னையில் மீன் வளர்க்க முடியாது, ஆனால் அங்கே பெரும்பகுதி நல்ல தண்ணீர் மீன் வியாபாரம். நல்ல தண்ணீருக்குச் சரியாக வேலை செய்கிற பொருள் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள், கெட்ட எண்ணம் இல்லை.

ஜியோலைட் என்ற கல் அப்படித்தான். நல்ல தண்ணீரில் அம்மோனியாவை அழகாகப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் சோடியம் வந்து அந்த இடத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீர்க்காரர்கள் நிரம்பிப் போன ஜியோலைட்டை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் தெரியுமா? உப்புக் கரைசலில் ஊற வைத்து. அதையே நாம் தொட்டிக்குள் போட்டு வைக்கிறோம்! பவளத் தொட்டிக்கென்றே ஜியோலைட் முறை ஒன்று தனியாக இருக்கிறது, அது வேறு கணக்கு, தினமும் கல்லை அசைக்க வேண்டும், ஆரம்பத்தில் தொட வேண்டாம்.

பிஎச் ஏற்றும் என்று தரும் பவளத் தூள், சிப்பித் தூள் இரண்டும் நம் தொட்டியில் சும்மா கிடக்கும். தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும்போது அது கரையாது. பயோ பால், சம்ப்பில் தண்ணீருக்கு அடியில் மூழ்கிக் கிடந்தால் வெறும் பிளாஸ்டிக் பந்து, காற்றுபடத் தண்ணீர் சொட்டும் அமைப்பில்தான் அதற்கு வேலை. பாக்டீரியாவுக்குத் தீனியாகும் பயோ பெல்லட் உருண்டைகள் நைட்ரேட்டைக் குறைக்கும், ஆனால் ரியாக்டர் நின்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுகிய முட்டை நாற்றம் வரும். கரண்ட் நம் கையில் இல்லாத ஊரில் நான் அதைத் தொடுவதில்லை.

எட்டாம் படி: சம்ப்பில் வரிசை

மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் பஞ்சு அல்லது சாக்ஸ். அடுத்து ஸ்கிம்மர். அதற்குப் பிறகு செராமிக் பிளாக், கீட்டோ. கடைசி அறையில், ரிட்டர்ன் பம்ப்புக்கு முன்னால், கார்பன் பையும் ஜிஎஃப்ஓ ரியாக்டரும். அழுக்குத் தண்ணீர் நேராகக் கார்பனில் பட்டால் துளை எல்லாம் சேறு அடைத்துப் பாதி ஆயுளில் போய்விடும். கார்பன் பையைச் சும்மா மூலையில் போடாமல் தண்ணீர் அதன் வழியாகப் போயே ஆக வேண்டிய இடத்தில் வையுங்கள், தண்ணீர் சோம்பேறி, வழி இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொன்றையும் போட்ட தேதியைச் சம்ப் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புது மீடியா போடாதீர்கள், ஏதாவது கெட்டால் எதனால் என்று தெரியாது.

ஒன்பதாம் படி: கரண்ட் போன பிறகு

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் மரங்கள் எல்லாம் படுத்துவிட்டன, மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போது என்னிடம் இருந்தது கேனிஸ்டர் ஃபில்டர் என்ற மூடிய டப்பா, உள்ளே மூன்று தட்டு நிறைய செராமிக் ரிங், பஞ்சு, கார்பன். பேட்டரி ஏர் பம்ப்பில் மீன்களை மூன்று நாளும் காப்பாற்றிவிட்டேன். கரண்ட் வந்தது, சந்தோஷத்தில் எல்லா சுவிட்சையும் போட்டேன். மூடிக்கிடந்த கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் முழுவதும் ஒரே நிமிடத்தில் தொட்டிக்குள் வந்தது. மூன்று நாள் புயலைத் தாங்கிய மீன்கள் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை.

இன்று நான் மீடியாவை மூடிய டப்பாவில் வைக்காததற்கும், பாக்டீரியாவில் பெரும்பங்கைத் தொட்டிக்குள் இருக்கும் கல்லிலேயே வைத்திருப்பதற்கும் காரணம் அந்த இரண்டு மணி நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது செய்தது இவ்வளவுதான்: கரண்ட் போன அரை மணியில் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டேன், கார்பன் பையை வெளியே எடுத்தேன், செராமிக் பிளாக்கைத் தூக்கித் தொட்டிக்குள் கல் பக்கத்தில் வைத்தேன், ஏர் பம்ப்பை அதன் கீழே விட்டேன், தீனியை நிறுத்தினேன். கரண்ட் வந்தவுடன் ரியாக்டருக்குள் தேங்கிய தண்ணீரை வாளியில் கொட்டி, மணிகளை உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் இணைத்தேன். கேனிஸ்டரே வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் திறந்து தட்டுகளை வெளியே எடுத்து ஈரமாக, காற்றுபட வையுங்கள்.

வெளியே எடுத்த மீடியாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பஞ்சும் பழைய ஜிஎஃப்ஓவும் குப்பைக்கு. செராமிக் பிளாக் திரும்ப உள்ளே. கரிதானே, செடிக்கு நல்லது என்று பழைய கார்பனைப் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அதில் ஊறியிருப்பது கடல் உப்பு. அம்மா நாலு வருஷமாக வளர்த்த செடி பத்தே நாளில் கருகியது, காரணம் நான்தான் என்று அவருக்கு இன்னும் தெரியாது.